அடுப்படி விளக்கு

சோதனை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதே பிளக்கில் ஐஸ் பெட்டியைச் செருகினால் கம்ப்ரசர் உறுமியது, ஓடவில்லை. பத்துப் பதினைந்து விநாடி உறுமும். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அமைதி. நாலைந்து நிமிஷம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி 'டக்'. பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் செருகுவேன். பளிச்சென்று எரியும். விளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகுவேன். உறுமல், டக். அன்று காலை இதை ஒன்பது தடவை செய்தேன். கரண்டு இருக்கிறது, ஆனால் யந்திரம் கிளம்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று இப்போது எழுதிவிட்டேன். அன்று அதை வாயால் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

நாற்பதாம் வருஷம், மாசி மாதம். காளவாசலில் செங்கல் சூளை வைத்திருந்த காசிமாயன் வீடு. ஊரின் மேற்கு ஓரத்தில் சூளைப் புகைக்கு நடுவே நின்ற மாடிவீடு அது ஒன்றுதான். யுத்தம் தொடங்கியதும் சீமைக்குத் திரும்பிய மில் துரை ஒருவர் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, காசிமாயன் இந்தப் பெட்டியை எடுத்திருந்தார். வெள்ளை எனாமல் பூசிய பெட்டி, நாலு கால், தலைமேல் கொப்பரையைக் கவிழ்த்தது போல ஓர் இரும்பு உருண்டை. அந்த உருண்டைக்குள்தான் கம்ப்ரசரும் அதை ஓட்டும் மோட்டாரும் இருந்தன. செய்த இடத்திலேயே பற்றவைத்து மூடியது. நம்மால் திறந்து பார்க்க முடியாது.

என் பெயர் தவசி. திருவாதவூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ரயிலடிக்கு எதிரே சின்னதாக ஒரு வயரிங் கடை வைத்திருந்தேன். காசிமாயன் எனக்கு அக்கா முறையான முத்துத்தாயைக் கட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன், அந்த வீடு கட்டிய சித்திரையில், அதற்கு வயர் இழுத்ததும் நான்தான்.

"என்ன மாப்ள, எம்புட்டு நேரம் அதையே பாத்துக்கிட்டு இருப்ப? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இருக்கு" என்றார் காசிமாயன்.

"பாத்துட்டுத்தான் சொல்லணும் மாமா."

"புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிட்டா நாங்க பலகாரத்தை எடுத்து வைப்போம்."

முத்துத்தாய் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை மொட்டெல்லாம் விரிந்து பழுத்துக் கிடந்தது. "மூணு நாளா இப்படித்தான் தம்பி. திறந்தா கோயில் வாசன வருது. குளுந்த காத்தைத்தான் காணோம்" என்றாள்.

எனக்கு அந்த யந்திரத்தின் மேல் ஒரு மோகம் இருந்தது. கூடி நின்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினேன். ஐஸ் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது என்றேன். கிணற்றுத் தண்ணீரை வாளி அள்ளுவது போல இங்கே சூட்டை ஒரு வாயு அள்ளுகிறது. கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்திப் பிழிகிறது. பிழியும்போது அது வைத்திருந்த சூடு மேலே உள்ள குழாய்கள் வழியாக வெளியேறுகிறது. சூட்டை விட்ட வாயு திரவமாகி மறுபடி பெட்டிக்குள் போய் விரிகிறது, மறுபடி சூட்டை அள்ளுகிறது. கம்ப்ரசர் நின்றால் வாளி நின்றது என்று அர்த்தம்.

'டக்' சத்தத்தையும் விளக்கினேன். மோட்டார் சுற்றாமல் உறுமினால் அதன் சுருள் கருகிவிடும். அதற்கு முன் ஓர் உலோகத் தகடு சூட்டில் வளைந்து கரண்டைத் துண்டிக்கிறது. சூடு ஆறியதும் நிமிர்ந்து மறுபடி சேர்க்கிறது. ஆகவே அந்தச் சத்தம் பழுதல்ல, காவல்.

இவ்வளவும் சரியாகச் சொன்னேன். மோட்டார் ஏன் சுற்றவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போது அடுப்படி மூலையிலிருந்து சோணையம்மாள் பேசினாள். அந்த வீட்டில் பெருக்கி, கழுவி, பாத்திரம் தேய்க்கிறவள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு சூளையில் கல் சுமந்தவள். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு முத்துத்தாய் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

"கரண்டுக்காரண்ணே, அது உறுமுறப்பல்லாம் இந்த அடுப்படி விளக்கு கண்ணு சொருகுது. முன்வீட்டு விளக்கு அப்படியே நிக்குது."

புகை படிந்த அடுப்படியில் பகலிலும் விளக்கு எரியும். அதை அண்ணாந்துகூட நான் பார்க்கவில்லை.

"மோட்டார் கிளம்புறப்ப விளக்கு கொஞ்சம் மங்கத்தான் செய்யும். மில்லுலயே மங்கும். நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றேன்.

காசிமாயன் சிரித்தார். "சோணை, நாளையிலருந்து நீ கொறடைத் தூக்கிட்டு வா. மாப்ள வெளக்கமாத்தை எடுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் கால்களின் பழைய தடம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"இதை யாரு நகத்துனது?"

"நாந்தாண்ணே. வெள்ளிக்கிழமை கழுவிவிட்டப்ப சுவத்துலருந்து தள்ளுனேன்" என்றாள் சோணையம்மாள்.

"அன்னைக்கித்தான் நின்னுச்சு" என்றாள் முத்துத்தாய், தன்னையறியாமல்.

எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. கம்ப்ரசருக்குள் எண்ணெய் உண்டு. பெட்டியைச் சாய்த்தால் எண்ணெய் போகக் கூடாத இடத்துக்குப் போகும். அப்படியே ஓட்டினால் உள்ளே இறுகிக்கொள்ளும். இப்படி நடக்கக்கூடும் என்பது பொய்யல்ல. இங்கே நடந்தது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

"சாய்ச்சிருக்காங்க மாமா. எண்ணெய் ஏறி உள்ள புடிச்சுக்கிருச்சு. மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்."

"சாய்க்கலண்ணே. தள்ளத்தான் செஞ்சேன்."

"இம்புட்டுப் பாரத்தைத் தள்ளுனா சாயாம எப்படிப் போகும்?"

காசிமாயன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "ஒரு பெட்டி போச்சு. வீட்டுல இன்னும் கண்ணாடி அலமாரி இருக்கு, கடிகாரம் இருக்கு. நாளையிலருந்து நீ வரவேணாம் சோணை" என்றார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. விளக்குமாற்றை மூலையில் சாய்த்து வைத்தாள். தொட்டியில் கை கழுவினாள். கொல்லைப்புற வழியாகப் போனாள். அந்த நேரம் முழுக்க நான் சோதனை விளக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முழ வயர். அதைச் சுருட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

மறுநாள் கருப்பு என்கிற வண்டிக்காரர் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, பெட்டியை நிறுத்திக் கட்டி, என் கடைக்குக் கொண்டுவந்தார். மெட்ராஸ் ஏஜென்டுகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். யந்திரம் எப்படி உறுமுகிறது, எத்தனை விநாடியில் நிற்கிறது என்று துல்லியமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியைக் கடை பிளக்கில் செருகினேன்.

அரை விநாடி உறுமியது. பிறகு ஓடியது.

மாலை வரை ஓடியது. உள்ளே வைத்த செம்புத் தண்ணீரின் மேல் ஏடு போல ஐஸ் கட்டியது. என் மனசு அன்று செய்த வேலையை மறைக்காமல் சொல்கிறேன். நான் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். இரவு முழுக்க நிமிர்ந்து நின்றதில் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கிவிட்டது, ஆகவே நான் சொன்னது சரி, ஆகவே அவள் சாய்த்தது உண்மை. மூன்று படி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று அழகாக உட்கார்ந்தன. அடிப்படி காற்றில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் ஓடவிட்டு, அதே வண்டியில் திரும்பக் கொண்டுபோனோம். காளவாசல் நெருங்கும்போது சாலையோரம் வேறொருவருடைய சூளையில் கல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலைக்குப் பத்துக் கல்லாக வரிசையில் சுமந்து வந்தார்கள். கருப்பு சாட்டைக் கம்பால் காட்டினார்.

"அந்தா வருது பாருங்க சோணை. ஒரு வீட்டுலயும் சேக்கலயாம். 'எங்க வீட்டுலயும் தொட்டுக் கெடுத்துராத தாயி'ன்னு சொல்லிவிடுறாகளாம். இந்த இடுப்ப வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்குச் சொமக்கும்."

வரிசையிலிருந்த ஒருத்தி வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏய் பெட்டியக் கெடுத்தவளே, ஒன் பெட்டி போகுது பாரு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சோணையம்மாள் ஒரு கையால் கல்லைப் பிடித்தபடி, மறு கையை இடுப்பில் ஊன்றி, நடந்துகொண்டே இருந்தாள்.

நான் பெட்டியைக் கட்டிய கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

காசிமாயன் வீட்டில் பெட்டியை அடுப்படியில் அதன் பழைய தடத்தின் மேலேயே நிறுத்தினோம். முத்துத்தாய் புது மொட்டு வாங்கி வைத்திருந்தாள். பிளக்கைச் செருகினேன்.

உறுமல். டக்.

"கடையில ரெண்டு நாள் ஓடுச்சுன்ன" என்றார் காசிமாயன்.

"ஓடுச்சு மாமா. வண்டியில குலுங்கியிருக்கும். மறுபடி எண்ணெய்..."

வாசல்படியில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்த கருப்பு எழுந்து வந்தார். "ஏண்ணே, அன்னைக்கு இங்கருந்து ஒங்க கடைக்குக் கொண்டுபோனதும் இதே வண்டிதான், இதே மாடுதான், இதே பள்ளந்தான். போறப்ப குலுங்குன பெட்டி அங்க ஓடுச்சு. வாரப்ப குலுங்குனது மட்டும் ஓடாதா? என் வண்டி மேக்க பாத்துப் போனா மட்டும் குலுங்குமா?"

முத்துத்தாய் சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். எனக்குக் காது சுட்டது. ஐந்தே நாளில் என் எண்ணெய்க் கதைக்கு இரண்டாவது ஆளைத் தேடியிருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. முதல் ஆள் வாய் பேசாமல் போனாள். இரண்டாவது ஆளுக்கு வாய் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்கால நேரம். தகடு ஆறி, கம்ப்ரசர் மறுபடி உறுமியது. அடுப்படி சட்டென்று இருண்டது. அண்ணாந்து பார்த்தேன். விளக்கின் இழை சிவந்து, கொள்ளிக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. நிலை வழியே முன்வீட்டுக் கூடத்தைப் பார்த்தேன். அங்கே விளக்கு அசையாமல் எரிந்தது. டக். அடுப்படி விளக்கு மறுபடி வெளுத்தது.

சோணையம்மாள் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தாள். முதல் வாக்கியத்துக்கே பதில் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது.

பையிலிருந்து இரட்டை பிளக்கை எடுத்தேன். ஒரே நேரத்தில் ஒரு துளையில் சோதனை விளக்கு, மறு துளையில் பெட்டி. விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டி உறுமத் தொடங்கியதும் செத்தது போல ஆகிவிட்டது. ஒன்பது தடவை சோதித்தவன் இந்தப் பத்தாவது தடவையைச் செய்யவில்லை. ஒரு நிமிஷ வேலை.

இதை எங்கள் ஊர் வாய்க்காலை வைத்துச் சொன்னால் சுலபம். வாய்க்காலில் ஓரிடத்தில் பாசி அடைத்துக்கொண்டிருக்கிறது. கீழே எந்த வயலும் மடையைத் திறக்கவில்லை என்றால், அடைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். பார்ப்பவனுக்கு அடைப்பு தெரியாது. ஒருவன் செம்பால் மொண்டாலும் தெரியாது. ஒரு வயலின் மடையை அகலத் திறந்தால்தான் கீழ்ப்பக்கம் மட்டம் சடாரென்று இறங்கும். சோதனை விளக்கு செம்பால் மொள்கிறவன். மோட்டார் அகலத் திறந்த மடை. கிளம்பும் ஒரு விநாடிக்கு, ஓடும்போது குடிப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்டு குடிக்கும். அது கிடைக்காவிட்டால் உறுமிக்கொண்டே நிற்கும். ஆக, முன்வீட்டு விளக்குக்கும் அடுப்படி விளக்குக்கும் நடுவே எங்கோ பாசி.

அடுப்படிக்குப் போகும் வயர் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள நிலைக்கு மேலே, சுவரில் அறைந்து மூடி போட்ட மரப்பட்டைக்குள் போகிறது. ஏணி வைத்து ஏறினேன். கருப்பு கீழே பிடித்துக்கொண்டார். மரப்பட்டை மேல் கையை வைத்தேன். ஓரிடத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினேன்.

கறுப்பு டேப் உருகிப் பொருக்காகியிருந்தது. உள்ளே இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. செம்பு கருகி அடுப்புக் கரி நிறத்தில் இருந்தது. முறுக்கை இறுகப் பிடித்து வைக்க வேண்டிய ஈயம் இல்லை.

அதை முறுக்கிய நாளே எனக்கு நினைவு வந்தது. அன்று ஆற்றுக்கு வரும் அழகரை ஊர் எல்லையில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் தல்லாகுளத்துக்குப் போய்விட்டார்கள். தெருவில் மேளம் போகிறது. வீட்டில் கடைசி ஜாயின்ட் இதுதான். ஈயம் வைக்க வேண்டுமென்றால் அடுப்பு மூட்டி, ஈயத்தை உருக்கும் செம்புக்கட்டியைப் பழுக்கக் காய்ச்ச அரை மணி நேரம் ஆகும். முறுக்கி, டேப் சுற்றி, மூடியை அறைந்தேன். ஆற்றில் இறங்கும் அழகரையும் பார்த்துவிட்டு நாளைக்கு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். அந்த நாளை வரவில்லை. விளக்குகள் எரிந்தன, நானும் மறந்துபோனேன். ஈயம் இல்லாத முறுக்கு நாளாக ஆகத் தளரும். ஐஸ் பெட்டி வந்த பிறகு, அது கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் சுட்டு, கறுத்து, இன்னும் கொஞ்சம் அடைத்தது. கடைசியாக அடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அவள் தரையைக் கழுவினாள். அவ்வளவுதான் அவளுக்கும் இதற்கும் சம்பந்தம்.

"என்னண்ணே, எலி கடிச்சிருச்சா?" என்று கீழிருந்து கேட்டார் கருப்பு.

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. எவ்வளவு சுலபமான சொல். எலி மேல் போட்டால் எலி கல் சுமக்கப் போகாது. அரை மணியில் ஈயம் வைத்துவிட்டுக் கீழே இறங்கினால் நான் கெட்டிக்காரன். ஆனால் சோணையம்மாள் பெட்டியைச் சாய்த்தவளாகவே இருப்பாள். இடுப்பில் ஊன்றிய அந்தக் கை கண்ணுக்குள் நின்றது.

"இல்ல கருப்பு. நான் கடிச்சது."

இறங்கிவந்து காசிமாயனிடமும் முத்துத்தாயிடமும் முழுக்கச் சொன்னேன். தரையைப் பார்த்துச் சொன்னேன். காசிமாயன் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"அப்ப பெட்டியில ஒண்ணுமில்லை?"

"இல்ல மாமா."

"அவளைப் போகச் சொன்னது நான். அந்த வாய் என்னோடது" என்றார். பிறகு, "நீ போய்ச் சொல்லு. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா" என்றார்.

அந்தச் சூளைக்கு நடந்தே போனேன். வேலை முடிகிற நேரம். பெண்கள் தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சோணையம்மாளின் உள்ளங்கைகளில் சூட்டுக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. தனியாகக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

"இங்கயே சொல்லுங்கண்ணே."

"சோணை, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ பெட்டியக் கெடுக்கல."

"சத்தமாச் சொல்லுங்க. இங்க எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்புடுறாங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன். ஜாயின்ட், ஈயம், எதிர்சேவை, எல்லாம். ஒருத்தி, "அழகரப் பாக்கப் போனாராம், சோணைக்கு நாமம் போட்டாராம்" என்றாள். சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வரவேண்டிய இடத்துக்கு வந்தது.

சோணையம்மாள் சிரிக்கவில்லை. "நான் விளக்கு மங்குதுன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். வலித்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் துடைத்தாள். "காலையில வாரேன். நான் விளக்கப் பாப்பேன். மங்குனா மங்குதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

மறுநாள் காலை கரியடுப்பும் செம்புக்கட்டியுமாகப் போனேன். முத்துத்தாய் அடுப்படியில் சோணையம்மாளுக்கு மணைப்பலகை போட்டிருந்தாள். அவள் உட்காரவில்லை, விளக்குக்கு நேர் கீழே நின்றாள். காசிமாயன் வாசலில் நின்று ஒரு தடவை அவளைப் பார்த்தார். "வேலைக்கு வந்துரு சோணை" என்றார். "அத அப்பறம் பாப்போம் அய்யா. மொதல்ல இது ஓடட்டும்" என்றாள் அவள்.

நான் ஜாயின்டை முடித்து ஏணியிலிருந்து இறங்கி, மெயினைப் போட்டு, பிளக்கைச் செருகினேன். கம்ப்ரசர் அரை விநாடி உறுமியது. பிறகு ஓடியது.

"மங்கல" என்றாள் சோணையம்மாள்.

பழுது கம்ப்ரசரில் இல்லை. நிலைக்கு மேலே, மரப்பட்டைக்குள், நான் ஈயம் வைக்காமல் விட்ட ஜாயின்டில் இருந்தது. கருகிய முனைகளை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பு தெரியும் வரை சுரண்டி, இறுக முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினேன். ஐஸ் பெட்டி ஓடியது.